பைக்கால் போகிறவர்களே, இர்கூட்ஸ்கில் ஒரு நாள் இறங்குங்கள்

எனக்குத் தெரிந்து ரஷ்யாவின் சைபீரியாவில் இருக்கிற பைக்கால் ஏரிக்குப் போய்வந்த நான்கு பேரும் இர்கூட்ஸ்க் நகரத்தைப் பார்த்தது, வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் நாகப்பட்டினத்தைப் பார்ப்பது மாதிரிதான். விமானத்திலிருந்து இறங்கினார்கள், வண்டி பிடித்தார்கள், எழுபது கிலோமீட்டர் தள்ளி லிஸ்த்வியன்காவில் ஏரிக்கரையில் நின்று போட்டோ எடுத்தார்கள், அதே வழியாகத் திரும்பினார்கள். ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால் நான்கு பேரும் சொல்லி வைத்தாற்போல் "செம குளிர்" என்றார்கள். அவ்வளவுதான். 1661-ல் அங்காரா ஆற்றங்கரையில் மரக்கோட்டையாகத் தொடங்கி, சீனத் தேயிலையும் கீரித்தோல் மாதிரியான சேபிள் தோலும் கைமாறிய ஊர், ஜார் மன்னர் நாடுகடத்திய இளவரசர்கள் குடியிருந்த ஊர், ஒற்றைச் சொல்லில் முடிந்துவிட்டது.

நான் போனது மார்ச் மாதத் தொடக்கத்தில், சித்தப்பாவுடன். அவர் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் முப்பது வருஷம் ரயில் பெட்டி கட்டி ஓய்வு பெற்றவர், சுத்த சைவம், நெற்றியில் விபூதி இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். சைபீரியா ரயிலில் ஏறவேண்டும் என்பது அவர் ஆசை. மாஸ்கோவிலிருந்து இர்கூட்ஸ்க் வரை 5,185 கிலோமீட்டர், மூன்றரை நாள். விமானம் என்றால் ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், உங்கள் விருப்பம். ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் எந்நேரமும் கொதிக்கிற வெந்நீர் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், உடனடி உப்புமா பொட்டலம் பத்து எடுத்துப் போனால் மூன்றரை நாளும் ராஜவாழ்க்கை.

கிளம்புவதற்கு முன் செய்யவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. முதலில் பணம். விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் 2022 மார்ச்சில் ரஷ்யாவில் சேவையை நிறுத்திவிட்டன, நம் வங்கி கொடுத்த கார்டை அங்கே நீட்டிப் பயனில்லை. கசங்காத டாலர் நோட்டாக எடுத்துப் போய் அங்கே வங்கியில் மாற்றுங்கள், பேனாக் கிறுக்கலோ கிழிசலோ இருந்தால் வாங்க யோசிப்பார்கள். இந்தியர்களுக்கு இ-விசா 2023 ஆகஸ்டிலிருந்து கிடைக்கிறது, எத்தனை நாள் தங்கலாம், எந்தெந்த வாசல் வழியாக நுழையலாம் என்பதை மட்டும் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள், யாரோ எப்போதோ எழுதியதை நம்பாதீர்கள். போனில் டூ-ஜிஸ் என்ற வரைபடச் செயலியை இறக்கி இர்கூட்ஸ்க் வரைபடத்தைச் சேமித்துக்கொண்டால் இணையம் இல்லாமலே தெருத்தெருவாக வழி காட்டும். போனைச் சட்டைக்கு உள்பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள். வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டே நடந்தால் அறுபது சதவீதம் காட்டிய பேட்டரி பத்து நிமிஷத்தில் கண்ணை மூடிவிடும்.

உடை பற்றி ஒன்றே ஒன்று. ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு தி.நகரில் விற்கிற ஸ்வெட்டரை நம்பிப் போகாதீர்கள். மார்ச்சில் பகலில் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே, இரவில் மைனஸ் பதினைந்து வரை போகும். ஜனவரி என்றால் சராசரியே மைனஸ் பதினெட்டு. அதே சமயம் கட்டடத்துக்குள்ளே நுழைந்தால் நம் ஊர் தை மாத மத்தியானம் மாதிரிச் சூடு, அதனால் ஒரே தடியான கோட்டுக்குள் புகுந்துகொள்வதைவிட மூன்று அடுக்காகப் போட்டு, உள்ளே போனதும் உரிக்கிற மாதிரி இருக்கவேண்டும். செருப்புக் கடையில் ஒரு அளவு பெரிய, தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் கேளுங்கள், கம்பளிச் சாக்ஸுக்கு இடம் வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழியில் நம் வீட்டிலேயே உறைகிற சாமான், அங்கே பாட்டிலை உடைத்துத்தான் எடுக்கவேண்டும்.

கோட்டு வாங்கும்போது கழுத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்டுகிற மாதிரி சின்ன வளையம் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். அங்கே எந்த மியூசியத்துக்குள் போனாலும் கோட்டைக் கழற்றி வாசலில் இருக்கும் அறையில் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும், வாங்கி மாட்டுகிற அம்மாவுக்கு வளையம் இல்லாத கோட்டைக் கண்டால் பிடிக்காது. ஓரிடத்தில் என் கோட்டைத் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டி, வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு பிரசங்கமே நடத்தினார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தது. அன்று ராத்திரியே ஊசி நூல் எடுத்து ஒரு துண்டு நாடாவை வைத்துத் தைத்துவிட்டேன்.

அடுத்தது எழுத்து. ரஷ்ய எழுத்தைப் படிக்க இரண்டு சாயங்காலம் போதும், மொழி தெரியவேண்டாம், எழுத்துக் கூட்டத் தெரிந்தால் சரி. ஆங்கில 'பி' (P) மாதிரி இருப்பது அங்கே 'ர்', 'எச்' (H) மாதிரி இருப்பது 'ன்', 'சி' (C) மாதிரி இருப்பது 'ஸ்'. இது தெரியாதவர் கண்ணுக்கு ரெஸ்தோரான் பலகை 'பெக்டோபா' என்று தெரியும். இந்த எழுத்து விஷயத்தில் நான் வாங்கிய அடி ஒன்று இருக்கிறது, சாப்பாட்டு நேரத்தில் சொல்கிறேன்.

சரி, நாளைத் தொடங்குவோம். இர்கூட்ஸ்க் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். ஆனால் மார்ச்சில் எட்டு மணி வாக்கில்தான் நன்றாக வெளிச்சம் வரும், பத்து மணிக்குத்தான் மியூசியம் திறக்கும், ஆகவே அரக்கப் பரக்க எழுந்திருக்க வேண்டாம். காலை ஆகாரத்துக்கு ஹோட்டலைவிட ஸ்தலோவயா என்கிற பொதுச் சாப்பாட்டுக்கூடம் மேல். தட்டை எடுத்துத் தண்டவாளம் மாதிரியான கம்பி மேல் தள்ளிக்கொண்டே போகவேண்டும், வேண்டியதைக் கைகாட்டினால் வைப்பார்கள், கடைசியில் காசு. கிரேச்கா என்று ஒரு தானியம், பழுப்பு நிறம், வறுத்த வாசனை, நம் வரகரிசிச் சாதத்துக்குத் தூரத்து உறவு. பிளினி என்றால் மெல்லிய தோசை, கொஞ்சம் இனிப்பு. ஸ்மெத்தானா என்றால் கரண்டி நிற்கிற கெட்டிப் புளிப்புக் கிரீம். உலர்ந்த பழங்களை வேகவைத்த கம்போத் ஒரு டம்ளர். கேஃபிர் என்கிற பால்பொருளை எந்த மளிகைக் கடையிலும் வாங்கலாம், புளித்த மோர்தான் அது, சித்தப்பா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். வெறும் சோறு வாங்கி, அதில் கேஃபிரை விட்டுப் பிசைந்து, உப்புப் போட்டு, பையிலிருந்து நாரத்தங்காய் ஊறுகாயை எடுத்து வைத்துக்கொண்டார். பக்கத்து மேஜைக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

சாப்பிட்டு முடித்ததும் ஆற்றங்கரைக் கோயில்களுக்குப் போங்கள், கீரவ் சதுக்கத்துக்குப் பின்புறம், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம். வெள்ளையாக, சாதுவாக நிற்பது ஸ்பாஸ்கயா, 1706-ல் கட்டத் தொடங்கியது, ஊரில் இருக்கிற கல் கட்டடங்களில் மூத்தது. அதன் வெளிச்சுவரிலேயே ஓவியம் தீட்டியிருக்கிறார்கள், சுற்றிப் போய்ப் பாருங்கள். அதற்கு எதிரே செங்கல் சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாகக் கல்யாணப் பந்தல் மாதிரி நிற்பது எபிஃபனி தேவாலயம். சோவியத் காலத்தில் இதை ரொட்டி சுடுகிற இடமாக்கிவிட்டார்கள். அதுவாவது பிழைத்தது. சதுக்கத்தில் இப்போது மாகாண அரசு அலுவலகம் நிற்கிற இடத்தில் ஐயாயிரம் பேர் நிற்கக்கூடிய கசான் பேராலயம் இருந்தது, 1932-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பக்கத்திலேயே சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட போலந்துக்காரர்களின் கத்தோலிக்கத் தேவாலயம், கூர்கூராக, இந்த ஊருக்குச் சம்பந்தமே இல்லாத முகத்தோடு நிற்கும். அங்கே ஆர்கன் கச்சேரி நடக்கும், சாயங்காலம் நேரம் இருந்தால் டிக்கெட் கேட்டுப் பாருங்கள்.

நடக்கும்போது ஒரு விஷயம். ஊரில் முக்கியமான இடங்களை இணைத்து நடைபாதையில் பச்சைக்கோடு போட்டிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஐந்து கிலோமீட்டரில் ஊரைச் சுற்றிவிடலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். கோடையில் போனால் உண்மை. மார்ச்சில் கோட்டின் மேல் ஒரு சாண் பனி. நாங்கள் காலால் தேய்த்துத் தேய்த்துத் தேடி, பத்து நிமிஷத்தில் அந்த முயற்சியைக் கைவிட்டோம். பனி கண்ணாடியாக இறுகியிருக்கிற இடத்தில் காலை நீட்டி வைக்காமல், குழந்தை நடை பழகுவது போலக் குட்டிக்குட்டியாக வையுங்கள். கூரை விளிம்பில் ஆள் உயரத்துக்குப் பனிக்கூம்பு தொங்கும், அடியில் நாடா கட்டித் தடுத்திருந்தால் அந்தப் பக்கம் போகவே கூடாது, ரோட்டில் இறங்கிச் சுற்றிப் போங்கள்.

பத்து மணிக்கு மேல் வல்கோன்ஸ்கி வீட்டுக்கு. அன்று முழுக்க நேரம் குறைவு, ஒரே ஓர் இடம்தான் உள்ளே போகமுடியும் என்றால் இங்கே போங்கள், மற்றதையெல்லாம் வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். 1825 டிசம்பர் 14-ம் தேதி பீட்டர்ஸ்பர்க்கில் ஜாருக்கு எதிராகப் படையைத் திரட்டி நின்று தோற்ற பிரபுக்களுக்கு டிசம்பர்க்காரர்கள் என்றே பெயர். ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள், நூறு பேருக்கு மேல் சைபீரியா. இளவரசர் செர்கேய் வல்கோன்ஸ்கிக்குச் சுரங்கத்தில் கடுங்காவல். மனைவி மரியாவுக்கு இருபது, இருபத்தொரு வயது, கையில் ஒரு வயதுகூட நிரம்பாத பிள்ளை. புருஷனோடு போவதென்றால் பிரபுவுக்குரிய உரிமையெல்லாம் போய்விடும், அங்கே பிறக்கிற குழந்தைகள் அரசின் குடியானவர்களாகவே பதிவாகும் என்று காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் பனிவண்டியில் ஏறினாள். சுரங்கத்தில் முதன்முதலாக அவரைப் பார்த்தபோது மண்டியிட்டு, முதலில் அவர் கால் விலங்கை முத்தமிட்டாளாம். அந்தப் பிள்ளை இரண்டு வயதில் இறந்துபோனது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை, பார்க்க விடவும் இல்லை.

வருஷங்கள் போய், காவல் தளர்ந்து, குடும்பம் இர்கூட்ஸ்கில் குடியேறிய வீடு இது. சாம்பல் நீலத்தில் இரண்டு மாடி மரவீடு. உள்ளே மரியா வைத்திருந்த வரவேற்பறையில் பிரமிடு மாதிரி நிமிர்ந்து நிற்கிற ஒரு பியானோ இருக்கிறது, நம் ஊர்ப் பழைய பீரோவை விட உயரம், அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கச்சேரியும் நாடகமும் இந்த அறையில் நடந்தன. ஆனால் இளவரசர் அந்த விருந்துகளைவிடச் சந்தையில் குடியானவர்களோடு விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதில்தான் பிரியமாக இருந்தாராம். சித்தப்பா ஒவ்வோர் அறையாகக் கைகட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் "ராமன் இருக்கும் இடமே அயோத்திங்கிற மாதிரி இருந்திருக்கா அந்தப் பொண்ணு" என்றார். கொஞ்ச தூரம் நடந்ததும், "ஆனா புள்ளைய விட்டுட்டுப் போயிருக்காளேடா" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. பக்கத்திலேயே இன்னொரு டிசம்பர்க்காரரான த்ருபெத்ஸ்கோய் பெயரில் இன்னொரு மியூசியம் உண்டு. இரண்டுக்கும் வார விடுமுறை வேறு வேறாக இருக்கலாம், முதல்நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு வீட்டுக்கும் சுற்றுப்பட்ட சந்துகள்தான் இர்கூட்ஸ்க். மியூசியத்திலிருந்து வெளியே வந்ததும் வரைபடத்தை மூடிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா நடங்கள். 1879-ல் கோடையில் இரண்டு நாள் எரிந்த தீயில் ஊரின் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது, அதற்கப்புறம் பெரிய தெருக்களில் கல்லும் செங்கல்லுமாகத்தான் கட்டினார்கள். மரவீடுகளெல்லாம் பின்தெருக்களில். முழு மரத்தை அடுக்கிக் கட்டிய சுவர், கறுத்து, வெடித்து, ஆனால் ஜன்னலைச் சுற்றி மட்டும் மாக்கோலம் போட்ட மாதிரி மரத்தைக் குடைந்து சட்டம் அடித்திருப்பார்கள். நாலிச்னிகி என்று அதற்குப் பெயர். ஒரு தெருவில் இருக்கிற ஜன்னல் அடுத்த தெருவில் இல்லை. வாழையிலை மாதிரி ஒன்று, அன்னம் மாதிரி ஒன்று, சூரியனை நடுவில் வைத்து ஒன்று, பூசிய நீலம் தோலாக உரிந்து தொங்கும். பல வீடுகள் மண்ணுக்குள் இறங்கிவிட்டன, ரோடு மேலே உயர்ந்துவிட்டது, ஜன்னல் உங்கள் முழங்காலுக்கு நேராக இருக்கும். ஒரு ஜன்னல் கண்ணாடிக்குள்ளே தக்காளி நாற்று தொட்டியில் இருந்தது, அதற்குப் பக்கத்தில் ஒரு பூனை, இரண்டும் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தன. நம் ஜார்ஜ் டவுனில் ரோடு போட்டுப் போட்டு வீட்டு வாசல் பள்ளமாகிப் போனதே, அதே கதைதான். பிரெடரிக் எங்கெல்ஸ் தெருவில் 'சரிகை வீடு' என்று ஒன்று நன்றாகச் சீர்செய்து வைத்திருக்கிறார்கள், போட்டோவுக்கு அது. மனசுக்கு இந்தச் சாய்ந்த வீடுகள்.

இப்போது பசிக்கும். இங்கேதான் அந்தக் கதை.

நாங்கள் போனது ஈஸ்டருக்கு முந்தைய ஏழு வார நோன்புக்காலம். நம் புரட்டாசி மாதிரி, சொல்லப்போனால் புரட்டாசியைவிடக் கண்டிப்பு, நோன்பிருப்பவர்கள் கறியோடு பாலையும் முட்டையையும்கூட விட்டுவிடுவார்கள். அதற்காகப் பல சாப்பாட்டுக் கடைகளில் நோன்புப் பட்டியல் தனியாகப் போடுவார்கள். சைவக்காரர்கள் சைபீரியாவுக்குப் போக இதைவிட நல்ல காலம் கிடையாது. தங்கிய இடத்தில் இருந்த பெண் "போஸ்னயா என்று கேளுங்கள்" என்று சொல்லிக் கொடுத்தாள். நான் பொறுப்பாக நோட்டில் எழுதிக்கொண்டேன்: போஸ்னயா, சைவம்.

சந்தில் திரும்பினால் ஒரு பலகை. எழுத்துக் கூட்டினேன். போ… ஸ்… ன… யா. "சித்தப்பா, அடிச்சுது லக்கு, வாங்க" என்று உள்ளே அழைத்துப்போனேன். சூடு, ஆவி, மேஜைக்கு மேஜை கூட்டம். பலகையில் என்ன இருக்கிறதென்று பார்க்காமலே எல்லாரும் சாப்பிடுவதைக் காட்டிப் பத்து என்று விரலை நீட்டினேன். தட்டு வந்தது. பிள்ளையார் சதுர்த்தி மோதகம் தெரியுமல்லவா, அதேதான், மடிப்பு மடிப்பாக, வெள்ளையாக, இட்லிப் பானையிலிருந்து எடுத்த மாதிரி ஆவியோடு, உச்சியில் மட்டும் மூடாமல் ஓர் ஓட்டை. "டேய், கொழுக்கட்டைடா" என்று சித்தப்பா முகம் மலர்ந்து ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். பரிமாறிய அம்மா அவர் நெற்றியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சந்தேகத்தோடு இரண்டு விரலைத் தன் தலைமேல் கொம்பாக வைத்து, "மூ…" என்றார்.

சித்தப்பா கொழுக்கட்டையைக் கீழே வைத்த வேகம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

விஷயம் என்னவென்றால், பைக்கால் பக்கத்துப் பூர்வகுடிகளான பூரியத் மக்களின் பூஸ் என்கிற கறிக்கொழுக்கட்டையை இர்கூட்ஸ்கில் போஸி என்பார்கள், அது விற்கிற கடை போஸ்னயா. நோன்புச் சாப்பாடும் போஸ்னயா. ரஷ்யக்காரர் காதுக்கு முதலாவது தேனீ ரீங்காரம் மாதிரி, இரண்டாவது சாதாரண 'ஸ'. தமிழில் இரண்டையும் எழுதினால் ஒன்றேதான். ஆகவே காதை நம்பாதீர்கள், பலகையைப் பாருங்கள். நடுவில் 3 என்ற எண் மாதிரி ஓர் எழுத்து இருந்தால் கறி. அதற்குப் பதில் 'சி' (C), 'டி' (T) என்ற இரண்டு ஆங்கில எழுத்து அடுத்தடுத்து வந்தால் நோன்பு. கூடவே "பெஸ் மியாசா", அதாவது கறி இல்லாமல், என்பதையும் மனப்பாடம் செய்யுங்கள், மீனைக் கறியில் சேர்க்காதவர்கள் அங்கே உண்டு, ஆதலால் "பெஸ் ரீபி" என்பதையும். சித்தப்பாவுக்கு அந்த அம்மா கேட்காமலே வினெக்ரெத் கொண்டுவந்தார், பீட்ரூட், உருளை, ஊறிய முட்டைக்கோஸ் எல்லாம் பொடியாக நறுக்கி எண்ணெயில் புரட்டியது, கூடக் கறுப்பு ரொட்டி.

அசைவக்காரர்கள் கவனத்துக்கு. போஸியை முள்கரண்டியால் குத்தினால் போச்சு, உள்ளே இருக்கிற சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும். கையால் எடுத்து, ஓரத்தில் சின்னதாகக் கடித்து, முதலில் சாற்றை உறிஞ்சுங்கள், கவனம், நாக்கு வெந்துவிடும், அப்புறம் மிச்சத்தை இரண்டு வாயில் முடியுங்கள். மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் கலந்து வெங்காயத்தோடு கொத்தி வைப்பது வழக்கம், வேண்டாதவர்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எண்ணிக்கைக் கணக்கில்தான் வாங்கவேண்டும், நான்கு சாதாரண வயிற்றுக்கு, ஆறு என்றால் மத்தியானம் நடக்கமுடியாது. நான் பத்தையும் சாப்பிட்டேன், வீணாக்கக்கூடாதே. பால்விட்டு உப்புப் போட்ட பூரியத் தேநீர் கிடைத்தால் கேட்டுப் பாருங்கள், தேநீர் என்று நினைக்காமல் ரசம் என்று நினைத்தால் பிடிக்கும்.

தேயிலையைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. 1727-ல் சீனாவோடு செய்த உடன்படிக்கைக்குப் பிறகு எல்லையில் கியாக்தா என்ற ஊரில் வியாபாரம் நடந்தது, ஒட்டகத்தில் மங்கோலியா தாண்டி வந்த தேயிலை பைக்காலைக் கடந்து இர்கூட்ஸ்க் வழியாகத்தான் மேற்கே போனது. தரைவழியாகப் போன ஊர்களில் பெரும்பாலும் 'சாய்', கப்பலில் போன ஊர்களில் பெரும்பாலும் 'டீ'. ரஷ்யக்காரர் சாய் என்கிறார், நாம் டீ என்கிறோம், சில பக்கம் சாயா என்றும் சொல்லிவிடுகிறார்கள். அங்கே பாலில்லாத கட்டஞ்சாயாதான், கூட ஒப்லெபீகா என்கிற ஆரஞ்சு நிறப் புளிப்புப் பழத்தை நசுக்கிப் போட்டது கேளுங்கள், தொண்டை கட்டியிருந்தால் இதமாக இருக்கும்.

மத்தியானம் மத்திய சந்தைக்குப் போங்கள். சைபீரியப் பைன் மரத்தின் கொட்டையை ஓட்டோடு டம்ளர் கணக்கில் அளந்து போடுவார்கள், நம் ஊரில் வேர்க்கடலையைப் படியில் அளப்பது போல. முன்பல்லில் வைத்துக் குறுக்காகக் கடித்தால் உடையும், பொய்ப்பல் கட்டியவர்கள் உடைத்ததை வாங்குங்கள். அப்புறம் செர்யோமுஹா கேக் ஒரு துண்டு, காட்டுச் செர்ரியைக் கொட்டையோடு காயவைத்து மாவாக அரைத்துச் செய்வது, கறுப்பாக இருக்கும், சாக்லேட் என்று நினைத்து வாயில் வைத்தால் பாதாம் வாசனை அடிக்கும். மீன் வரிசையில் புகைபோட்ட மீன் பொன்னிறத்தில் மினுங்கும். காசிமேட்டுக் கருவாட்டை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், இது காய்ந்ததல்ல, எண்ணெய் வழிகிற பதம், தோலை உரித்தால் சதை விரலோடு வரும். பைக்காலின் பெயர்பெற்ற மீன் ஒமூல். அது குறைந்துபோனதால் 2017 அக்டோபர் முதல் வியாபாரத்துக்குப் பிடிக்கத் தடை போட்டார்கள், ஆகையால் ஒமூல் என்று நீட்டுகிறவரிடம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், ஏரியைப் பார்க்கப் போய் அதன் மீனைக் காலி செய்யவேண்டாம். சீக், ஹாரியுஸ் என்று வேறு மீன்கள் இருக்கின்றன, எனக்கு ஹாரியுஸ்தான் பிடித்தது.

சந்தையிலிருந்து கார்ல் மார்க்ஸ் தெரு வழியாக ஆற்றைப் பார்த்து நடந்தால் கடைசியில் மூன்றாம் அலெக்சாண்டர் சிலை. சைபீரிய ரயில்பாதையைத் தொடங்கிய ஜார். 1908-ல் வைத்தார்கள், 1920-ல் புரட்சிக்காரர்கள் இறக்கினார்கள், 2003-ல் மறுபடி ஏற்றினார்கள். சித்தப்பா சிலையைப் பார்க்கவில்லை, பீடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். ரயில் பைத்தியம் பிடித்தவர்கள் இதோடு நிறுத்தாமல் டாக்சி பிடித்து ஊரின் ஓரத்தில் அணைக்கட்டு நீர்த்தேக்கத்தில் நிற்கிற அங்காரா என்ற பனியுடைப்புக் கப்பலுக்குப் போகலாம். இங்கிலாந்தில் செய்து, துண்டு துண்டாகக் கொண்டுவந்து பைக்கால் கரையில் பூட்டியது, 1900-ல் தண்ணீரில் விட்டார்கள். அப்போது ஏரியைச் சுற்றி ரயில்பாதை முடியவில்லை, ரயில் பெட்டிகளையே இதன் ஜோடியான பைக்கால் என்ற பெரிய கப்பலில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள், அங்காராவில் பயணிகளும் சரக்கும் போனார்கள். 1904-ல் ஜப்பானோடு சண்டை, உறைபனிக்காலம், கப்பலும் போகாது, பனிமேலேயே தண்டவாளம் போட்டுவிட்டார்கள். ஓர் எஞ்சின் பனியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. அப்புறம் பெட்டிகளைக் குதிரை கட்டி இழுத்தார்கள். இதைக் கேட்டதிலிருந்து சித்தப்பா, பெட்டிக்கு எத்தனை டன் எடை, பனி எத்தனை அடி தடிமன் என்று என்னைப் பரீட்சை வைத்துக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் 130-வது குவார்தல் என்ற பேட்டைக்கு எல்லாரும் போவார்கள், நீங்களும் போவீர்கள். ஊரின் 350-வது ஆண்டு நிறைவுக்காக 2011-ல் பழைய மரவீடுகளைச் சீர்செய்தும், வேறிடத்திலிருந்து பெயர்த்து வந்தும், புதிதாகக் கட்டியும் அமைத்தது. கண்ணுக்கு அழகு, விளக்கெல்லாம் போட்டு ஜொலிக்கும், ஆனால் காலையில் சாய்ந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் மேக்கப் போட்ட முகம். வாசலில் நிற்கிற கறுப்பு மிருகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாயில் சேபிளைக் கவ்விக்கொண்டு, புலி உடம்பு, தடித்த வால், விரலிடையில் சவ்வு. பழைய முத்திரையில் இருந்தது புலி, அதற்கு அந்தக் காலச் சொல் பாப்ர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தலைநகரத்து அதிகாரிகளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை, போப்ர் என்று திருத்திவிட்டார்கள், அதற்கு பீவர், ஆற்றில் அணைகட்டி வாழ்கிற விலங்கு, என்று அர்த்தம். வரைகிறவர் என்ன செய்வார், புலிக்கு பீவர் வாலை ஒட்டினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. ஓர் எழுத்தில் ஏமாந்தது நான் மட்டுமில்லை என்று சித்தப்பாவிடம் சொன்னேன், அவர் "நீ கொழுக்கட்டை கேஸு, இது வேற" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இங்கேயே உருளைக்கிழங்கு வைத்த வாரேனிகி கேளுங்கள், நம் சோமாஸை வேகவைத்த மாதிரி. மேலே பன்றிக்கொழுப்பு தாளித்துப் போடுவது உண்டு, வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பிறகு மறுபடி ஆற்றங்கரைக்கு ஒரு நடை. அணைக்குக் கீழே அங்காரா ஊருக்குள் உறைவதில்லை, கடுங்குளிரில் தண்ணீரிலிருந்து ஆவி எழும்பிக் கரையோர மரக்கிளைகளில் வெள்ளையாகப் பூத்துவிடும். பைக்காலுக்குள் முந்நூற்று முப்பத்தாறு ஆறு வந்து விழுகிறதாம், வெளியே போவது இந்த ஒன்றே. அப்பன் பைக்காலை ஏமாற்றிவிட்டு யெனிசேய் என்பவனோடு ஓடிப்போன பெண் என்று கதை சொல்வார்கள், அவர் கோபத்தில் வீசிய பாறை இன்னும் ஆறு தொடங்குகிற இடத்தில் தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. அது மறுநாள் லிஸ்த்வியன்கா போகிற வழியில் தெரியும்.

ரயிலில் கிளம்புகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஸ்டேஷன் ஆற்றுக்கு அக்கரையில், ஊருக்குள்ளிருந்து டிராம் போகும், சென்னையில் 1953-ல் நின்றுபோன அதே டிராம். ரஷ்ய ரயில் டிக்கெட்டில் மாஸ்கோ நேரம் போட்டிருப்பார்கள், ஐந்து மணி கூட்டிக்கொள்ளுங்கள் என்று பழைய குறிப்புகளில் படிப்பீர்கள். 2018 ஆகஸ்டிலிருந்து அந்தந்த ஊர் நேரம்தான் அச்சாகிறது, கூட்டவேண்டாம். சித்தப்பா அந்தப் பழைய குறிப்பைத்தான் படித்திருந்தார். டிக்கெட்டில் இரவு ஒன்பதே கால் என்று இருந்ததற்கு, "விடியக்காலம் ரெண்டே காலுக்குத்தாண்டா வண்டி, தூங்கிட்டுப் போலாம்" என்று படுத்துவிட்டார். அவரை எழுப்பி, பூட்ஸை மாட்டி, பைன்கொட்டைப் பையோடு டிராமில் ஏற்றியபோது மணி எட்டு நாற்பது.